மச்சானுக்குத் துணை

“நான் செத்துப்போனால் உம்மட தங்கச்சியை நீர்தான் பாக்கவேணும், மச்சான்.”

பஸ் இன்னும் வேலணையைத் தாண்டவில்லை. அதற்குள் இளையதம்பி கடைசி விருப்பம் சொல்லத் தொடங்கிவிட்டான். பக்கத்தில் இருந்த சிவகுரு முன் பக்கம் எட்டிப் பார்த்தான்.

“மெதுவாப் பறையும். முன் சீற்றில செல்லாச்சி மாமி இருக்கிறா.”

சங்கதி இதுதான். முந்தாநாள் சுருவில் மணல் ஒழுங்கையில் சைக்கிள் செயின் கழன்று, இளையதம்பி கால் இரண்டும் விரியக் குறுக்குப் பாரின் மேல் விழுந்தான். படக்கூடாத இடத்தில் அடி. கண் இருண்டு, நிலத்தில் சுருண்டு, ஓங்காளித்துச் சத்தியும் எடுத்தான். நோ இன்னும் முழுதாக விட்டபாடில்லை.

பெண்சாதியிடம் சொல்ல வெட்கம், தமையனிடம் சொல்ல வாய் வராது. இந்த மாதிரிக் கதைக்கெல்லாம் மச்சான்தானே! கேட்டதும் சிவகுரு முதலில் வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு பயந்துபோனான். தகப்பன் இல்லாத தங்கச்சி நாகபூசணியைத் தோளில் போட்டு வளர்த்துக் கட்டிக்கொடுத்தவன் அவன். இப்போது அவள் கையில் ஒரு பச்சைக் குழந்தை. உரம் வாங்கப் போகிறோம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, மச்சானை யாழ்ப்பாணத்து டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டான்.

“அல்லைப்பிட்டியில ஒருத்தர் இப்பிடித்தானாம். வீங்கி வீங்கியே முடிஞ்சாராம்,” என்றான் இளையதம்பி.

“விசர்க்கதை பறையாதையும்! ஆம்பிளை எண்டால் அதில ஏதாவது இருக்கத்தான் செய்யும். எனக்கும் வலப்பக்கம் போன மாரி மழையில இருந்து கல்லு மாதிரிக் கிடக்கு. நோவுமில்லை, ஒரு கோதாரியுமில்லை. நான் என்ன, செத்தே போனன்?”

அந்தப் பகிடிக்கும் மச்சான் சிரிக்கவில்லை.

மண்டைதீவுச் சந்தி இராணுவச் சென்றியில் சோதனைக்கு எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். காலை அகட்டி அகட்டி நடந்தவனை, எதையோ ஒளித்திருக்கிறான் என்று ஆமிக்காரன் துவக்கால் மறித்துச் சறத்தைத் தூக்கச் சொன்னான். இளையதம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. போகிற காரியத்துக்கு இதுவும் நல்ல சகுனமில்லை என்று சிவகுருவின் மனம் அடித்துக்கொண்டது. பண்ணைக் கடல் அன்று காற்றே இல்லாமல் கறுத்துக் கிடந்தது.

டொக்ரரின் அறைக்குள் மச்சான் போய்க் கன நேரமாயிற்று. வெளியே மர வாங்கில் குந்தியிருந்த சிவகுருவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதலில் உள்ளே யாரோ சிரிப்பது கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

‘நயினாதீவு அம்மாளாச்சி, என்ரை தங்கச்சியின்ரை தாலியைக் காப்பாத்து. வேறை ஒண்டும் உன்னட்டைக் கேக்கமாட்டன்.’

கதவு திறந்தது. வெளியே வந்த இளையதம்பியின் முகத்தில் உயிரில்லை. அவன் சிவகுருவை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“சொல்லுமன் ஐசே! என்னவாம்?”

“எனக்கு ஒண்டுமில்லையாம். அந்த இடத்தில பட்டால் உயிர் போறமாதிரித்தான் நோகுமாம். நோ குறைஞ்சுகொண்டு வந்தால் பயமில்லையாம். அடிகிடி படாமல் திடீரெண்டு நொந்து வீங்கினால்தான் ஒரு நிமிஷமும் நில்லாமல் ஓடி வரட்டாம்.”

“அம்மாளாச்சி!” சிவகுரு எழும்பி மச்சானைக் கட்டிப்பிடித்தான். கண்ணீரே வந்துவிட்டது. “பிறகேன் மூஞ்சையை இப்பிடி வச்சிருக்கிறீர்?”

“டொக்ரர் நல்லாச் சிரிச்சுத்தான் கதைச்சவர். நானும் பகிடிக்கு, பஸ்ஸில நீர் சொன்னதை அவருக்குச் சொன்னனான்.” இளையதம்பி திரும்பி டொக்ரரின் கதவைப் பார்த்தான். “உடனை சிரிப்பை நிப்பாட்டிப்போட்டார்.”

“எதை? அந்தக் கல்லையே? அதுதான் நோகிறேல்லையே!”

“நோகாததுதானாம் பயம், மச்சான். உம்மை உள்ளுக்கு வரட்டாம்.”