மாதிரியில் இல்லாத பூ

ஆக்ஸ்பர்க் நகரத்து அச்சகத்தில் மூலிகைப் புத்தகத்தின் படங்களுக்கு வர்ணம் தீட்டுவது அப்பொலோனியாவின் வேலை. சுவரில் மாட்டிய மாதிரித் தாளைப் பார்த்து, செடியின் நான்கு பூக்களுக்கும் சிவப்பு வைக்க வேண்டும். திங்கட்கிழமை வந்த தாள்களில் ஐந்து பூக்கள் இருந்தன.

"உட்ஸண்ணே, அச்சுக் கட்டையை மாத்திட்டீங்களா?"

அச்சுக்காரர் உட்ஸ் சிரித்தார். "பசி மயக்கமா உனக்கு? மரக்கட்டையில செதுக்கித் தள்ளத்தான் முடியும். இல்லாத கோட்டை எவன் முளைக்க வைப்பான்?"

கட்டையைத் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது; அதிலும் ஐந்து பூக்கள். அந்தக் கட்டையைச் செதுக்கிய வைட் அன்று மாலை, அக்குளில் நெறிகட்டி, கொள்ளைநோயில் இறந்தான்.

வியாழக்கிழமை ஆறு பூக்கள். மதியத்துக்குள் முதலாளியின் மனைவியையும் பிணமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"கட்டையை அடுப்புல போட்டுத் தொலைங்கண்ணே."

"முதலாளி விடுவாரா? கொள்ளைநோய்க்கு மருந்துன்னு இந்தப் பக்கத்துக்காகத்தானே புத்தகமே விக்குது."

சனிக்கிழமைத் தாள்களில், ஆறு பூக்களுக்கும் கீழே, மண்ணை ஒட்டி ஒரு சின்ன மொட்டு இருந்தது. மூலையில் அவளுடைய மூன்று வயது மகள் ஓட்டிலி காகிதத் துண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அப்பொலோனியா பூக்களுக்கு மட்டும் சிவப்பு வைத்தாள். மொட்டை ஒவ்வொரு தாளிலும் வெள்ளையாகவே விட்டுவிட்டு, தாள்களைக் கொடியில் காயப்போட்டாள். வர்ணம் குழைக்கும் சிப்பியையும் தூரிகையையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தபோது சிப்பி கவிழ்த்தபடியே இருந்தது. கொடியில் தொங்கிய அத்தனை தாளிலும் மொட்டு சிவந்திருந்தது. அவள் ஒன்றைத் தொட்டாள். விரலில் ஈரமாக ஒட்டியது.

"அம்மா, தூக்கிக்கோ," என்று ஓட்டிலி கையை உயர்த்தினாள். உடனே முகம் சுளித்தாள். "அக்குள்ல வலிக்குதும்மா."