கன்னத்தில் அடக்கிய தோட்டா

கைத்துப்பாக்கி துப்பிய சின்னப் பித்தளைத் தோட்டாக் கூட்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சொர்ணம் நீதிமன்றப் படியேறினாள். ஊர்வலத்தில் துப்பாக்கியே வெடிக்கவில்லை, கல் பட்டுத்தான் இசக்கி செத்தான் என்று போலீஸ் சாதித்தது. புருஷன் விழுந்த இடத்தில் அவள் பொறுக்கிய அந்தக் கூட்டைத் தேடி வீட்டையே கவிழ்த்துப் போட்டார்கள். அடித்தபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

வாசலில் இன்ஸ்பெக்டர் மறித்தார். "ஏட்டி, போனவன் திரும்பி வரவா போறான்? அதைக் குடுத்துட்டுப் போயிரு."

கந்தகக் கசப்பு நாக்கில் ஊற, அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

கூண்டில் ஏறியதும் நீதிபதி கேட்டார்: "உன் பேர் என்னம்மா?"

சொர்ணம் உள்ளங்கையில் துப்பி, துடைத்து, கூண்டின் கட்டைமேல் அதை நிமிர்த்தி வைத்தாள்.

"இசக்கி பொண்டாட்டி சொர்ணம், ஐயா. இனிமே கேளுங்க."