முதல் கேள்வி

"சட்டைக் கையைப் பிரிச்சுக் காட்டு. பையை வெளியே இழு!"

வாசலிலேயே ஒவ்வொருவரையும் சோதித்து வரிசையில் நிறுத்தினார் உலகநாதன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் புதிதாகத் திறந்த ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி அவர். ஞாயிற்றுக்கிழமையாதலால், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓர் அறையைக் கேட்டு வாங்கிப் பரீட்சை வைத்திருந்தார்.

"பாரிவாக்கத்துலேர்ந்து சைக்கிள் மிதிச்சிகினு வரேன் சார். பிட்டு எடுத்தாற எனக்கு ஏது தெம்பு?" என்று சிரித்தான் முனியன். "இந்த வருசம் வுட்டா வயசு தாண்டிப்பூடும். அப்பால செங்கல் சூளைதான் நமக்கு."

"பேச்சைக் குறை. அதிகம் பேசறவன்கிட்டதான் திருட்டுத்தனம் இருக்கும்."

முதல் ஆளாக அறைக்குள் நுழைந்த உலகநாதனுக்குத் திக்கென்றது. கரும்பலகையில் யாரோ சோடியம் அணுவைச் சாக்பீஸால் அழுத்தி வரைந்திருந்தார்கள். நடுவில் கரு, சுற்றி வட்டங்கள், வட்டங்களில் எலக்ட்ரான்கள். அவர் பெட்டியில் பூட்டி எடுத்துவந்த கேள்வித்தாளில் முதல் கேள்வியே அதுதான்!

பள்ளிக்கூடப் பாடமா? இல்லை, எவனாவது கேள்வியைத் தெரிந்துகொண்டு வரைந்து வைத்தானா?

பின்னாலேயே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சட்டென்று பலகையோடு ஒட்டி நின்று படத்தை மறைத்துக்கொண்டார்.

"ஆயா! ஈரத்துணி கொண்டாங்க, சீக்கிரம்!"

பள்ளிக்கூட ஆயா குப்பம்மா வந்த பிறகுதான் இடத்தை விட்டு நகர்ந்தார். பலகை பளிச்சென்று ஆனது. கறுப்புக் கோட்டின் பையிலிருந்து சாவியை எடுத்து, பெட்டியைத் திறந்து, கேள்வித்தாளைக் கொடுத்தார்.

பரீட்சை தொடங்கியது. உலகநாதன் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார். அவர் தாண்டிப் போனதும் தலைகள் நிமிர்வது போலிருந்தது. வெடுக்கென்று திரும்பினால், எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

என்னவோ நடக்கிறது. இன்னும் வேகமாக நடந்தார்.

கடைசி பெஞ்சில் முனியன் எழுந்து நின்றான். அதுவரை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தவன்.

"சார், கொஞ்சம் கிட்ட வாங்க. காதுல ஒண்ணு சொல்லணும்."

"காதுலயா? பேரம் பேசப் பார்க்கறியா?"

"ஐயே, அது இல்ல சார். எல்லார் எதுர்லயும் சொன்னா ஒங்களுக்குத்தான் மானக்கேடு."

"மிரட்டறியா?" உலகநாதனின் மீசை துடித்தது. முனியனின் விடைத்தாளைப் பிடுங்கிக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார். "வெளியே போ!"

"சார், வயசு..."

"போன்னா போ!"

வாசல் வரை போன முனியன் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "வூட்டுக்குப் போனா தெரியும் சார் ஒங்களுக்கு."

அந்த வார்த்தை உலகநாதனைக் குடைந்தது. விடைத்தாள்களைக் கட்டும்போது புரட்டிப் பார்த்தார். முதல் கேள்விக்கு எல்லோருமே பிசகாமல் வரைந்திருந்தார்கள். ஒரு போக்கிரியைத் துரத்தியதும் மற்றவர்களுக்கு எப்படி எழுத வருகிறது!

வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போதுதான் பயம் பிடித்தது. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஆள் வைத்து அடிப்பானோ? பின்னால் வந்த இருவர் அவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். உலகநாதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தார். வீட்டுக்குள் வந்து செருப்பை உதறிய பிறகுதான் மூச்சு வந்தது.

"யாராவது என்னைத் தேடிக்கிட்டு வந்தாங்களா புஷ்பா?"

"யாரும் வரலையே. ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது? கோட்டைக் கழட்டுங்க முதல்ல."

கோட்டை வாங்கி ஆணியில் மாட்டப்போன புஷ்பா அப்படியே நின்றாள்.

"என்னங்க இது? முதுகுல யாரு சாக்பீஸ் கோலம் போட்டது? நடுவுல ஒரு உருண்டை, சுத்தி மூணு வட்டம், அதுல எண்ணி வச்சாப்ல பதினொரு புள்ளி!"

உலகநாதன் கோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, உதறிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, "பாரிவாக்கத்துல ஒரு பையனைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றார்.