விழிப்பின் சின்னம்

கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாகக் கண்டியில் நடக்கும் ஃப்ரீமேசன் ரகசியச் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பிய கணவர் தனபாலனை, வாசுகி இளக்காரமாகப் பார்த்தாள்.

“எங்க சங்கத்துல தேனீன்னா உழைப்பு, பூனைன்னா விழிப்பு. உன்னை மாதிரி பட்டிக்காடுங்கதான் பூனையைப் பார்த்து சகுனம் பேசும்” என்றபடி அவர் கேட்டைத் திறந்தார்.

கறுப்புப் பூனையொன்று குறுக்கே ஓடியது.

போன வேகத்திலேயே திரும்பி வந்து கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தவர், கைப்பேசியை எடுத்தார். “பிரதர், கடும் காய்ச்சல். இன்னிக்கு வர முடியாது.”

‘பெரிய விழிப்பு!’ என்று உதட்டைச் சுழித்த வாசுகி, மதிலோரம் பூனையோடு ஒளிந்திருந்த மகளிடம் போனாள்.

“சுதர்சினி, கேக்கை எடுத்து வை. இந்த வருசம் உன் பிறந்தநாளுக்கு அப்பா வீட்டுலதான். பூனைக்கும் ஒரு துண்டு குடு, அடுத்த வருசமும் அது வேணும்.”