பூவாடைக்காரி படம்

"இன்னாடி அநியாயம் இது? பிரிச்சுக்கூட பாக்காம அப்படியே திருப்பி அனுப்பிக்கிறாங்களே!"

கூரியர்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போன பெட்டியைப் பார்த்து சௌந்தரம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

மகள் அம்பிகா பெட்டியை உள்ளே இழுத்து வைத்தாள். "நிச்சயதார்த்தத்துக்குச் செஞ்ச சீர்த்தட்டும்மா. என்னைப் பத்தி யாரோ அவங்க காதுல போட்டுட்டாங்க. தாலியறுத்தவ கைபட்ட தட்டு வேணாமாம்."

அதற்குமேல் பேச அவளுக்குத் தெம்பில்லை. வீட்டுக்காரன் ராம்கி மங்களூருக்குப் போட் வேலைக்குப் போன இடத்தில் கடலில் தவறி விழுந்துவிட்டான். கூட இருந்தவன் என்று யாரோ போனில் சொன்னதுதான், உடம்புகூடக் கிடைக்கவில்லை. மரக்காணத்துப் புகுந்த வீட்டார் காரியம் முடிந்த கையோடு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

திண்டிவனத்துக்கு வந்தவள் மூலையில் முடங்கிவிடவில்லை. அழுது முடித்துவிட்டு, போனிலேயே ஒரு பரிசுக் கடை தொடங்கினாள். இன்ஸ்டாகிராமில் படம் போடுவாள், வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும். பேர் பொறித்த கப்பு, போட்டோ பிரேம், சீர்த்தட்டு அலங்காரம் என்று எல்லாம் அவள் கைவேலைதான். முகத்தை மட்டும் காட்ட மாட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் கல்யாணச் சாமான் வாங்க யாருக்கு மனசு வரும்? இந்த முகூர்த்த மாதமும் கைவிட்டுப் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நான் அருணா. கோலியனூர்லேர்ந்து பேசறேன். வர்ற ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம். ஜல்தியா ஒரு போட்டோ பிரேம் பண்ணித் தருவீங்களா?"

"தந்துடலாம்மா. நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்திருக்கிற படமா?"

"இல்லக்கா. அவரோட மொத சம்சாரத்தோட படம். காமாலையில போய்ட்டாங்களாம். கல்யாணத்துக்கு முந்தின நாளு பூவாடைக்காரிக்குப் படைப்போம் இல்ல, அதுல வெக்கணும்."

அம்பிகா அசந்துபோனாள். சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிட்டு, புடவை வைத்துப் படைத்த பிறகுதான் அந்தப் பக்கத்தில் கல்யாண வேலையே தொடங்கும். ஆனால் மூத்தாளின் படத்தை ஒரு மணப்பெண்ணே தேடி எடுத்து அழகு பார்க்கிறாள் என்றால், இந்தக் காலத்தில் யார் நம்புவார்கள்?

"மாப்பிள்ளை வீட்டுல கேட்டாங்களா?"

"அவருக்குச் சொந்தபந்தம்னு யாரும் இல்லக்கா. நாங்க ஒசூர்ல ஒரே கம்பெனியில வேலை பாக்கறோம், லவ் மேரேஜ். எனக்குத்தான் மனசு கேக்கல. அவங்க வாழ வேண்டிய எடத்துல நான் போய் உக்காரப்போறேன். அவங்க சம்மதம் வாங்க வேணாமா?"

இவ்வளவு நல்ல மனசுக்காரியை ஏமாற்றலாமா? படையலில் வைக்கும் படம் வேறு. நாளைக்கு யாராவது சொல்லித் தெரிந்தால் அந்தப் பெண் பதறிப்போய்விடுவாள். விஷயம் எங்கே போகிறது என்று புரிந்துகொண்ட சௌந்தரம், வாயில் விரலை வைத்து, சொல்லாதே என்று ஜாடை காட்டினாள்.

அம்பிகா அவள் பக்கமே திரும்பவில்லை.

"அருணா, ஒண்ணு சொல்லிடறேன். நான் புருஷன் இல்லாதவ. சுமங்கலிப் படையலுக்கு என் கையால பண்றது உங்களுக்குச் சரிப்படுமான்னு கேட்டுக்க."

சௌந்தரம் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த ஆர்டரும் போயிற்று என்றே அம்பிகா முடிவு கட்டிவிட்டாள்.

"அக்கா, இன்னாக்கா இப்படிக் கேட்டுட்டீங்க?" அருணாவின் குரல் உடைந்தது. "பறிகொடுத்த வலி உங்களுக்குத்தான் தெரியும். உங்க கையாலதான் வேணும். நீங்களும் படையலுக்கு வரணும், வந்து மொதல் பூவை நீங்கதான் வெக்கணும்."

அம்பிகா திக்குமுக்காடிப் போனாள். பெட்டி திரும்பி வந்தபோது வராத அழுகை இப்போது பொத்துக்கொண்டு வந்தது. ராம்கி போனதிலிருந்து அவளை யாரும் ஒரு நல்ல காரியத்துக்கு வா என்று கூப்பிட்டதில்லை.

"வர்றேம்மா, கண்டிப்பா வர்றேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "படத்துக்குக் கீழ பேர் இன்னா போடட்டும்?"

"தெரியலக்கா. கேட்டாலே கண்ணு கலங்கிடறாரு, நானும் நோண்டறதில்ல. 'பூவாடைக்காரி துணை'ன்னு மட்டும் போடுங்க. அந்தப் படமே அவரு பர்ஸுல ஒளிச்சு வெச்சிருந்ததுதான். பஸ்ஸுல அவரு தூங்கும்போது எடுத்து என் போன்ல புடிச்சிக்கினேன். அவருக்கு இது சர்ப்ரைஸ் கிஃப்ட்டு."

"அனுப்பும்மா. எவ்ளோ பழசா இருந்தாலும் நான் சரி பண்ணிடறேன். உன் அக்கா மாதிரி நெனச்சுக்க. அந்தப் புண்ணியவதியை மகாலட்சுமியாட்டம் பண்ணித் தர்றேன்."

"இதோ, அனுப்பிட்டேன். முகம் தெளிவா இருக்குதான்னு பாருங்கக்கா."

அம்பிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைத் திறந்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

அம்பிகா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மங்களூருக்கு பஸ் ஏறிய அன்று ராம்கி ஆசையாகக் கேட்டு வாங்கி, பர்ஸில் வைத்துக்கொண்டு போன படம் அது. மரக்காணம் கடற்கரையில், மாசி மகத்தன்று, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றிருந்தவள் அம்பிகாவேதான்.