போர்வைக்காரியின் தொட்டி

அந்தத் தொழிற்சாலையில் அவளைப் போர்வைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கடுங்குளிரில் திரவ எரிவாயுவைச் சேமிக்கும் தொட்டிகளுக்கு, வெளிச்சூடு உள்ளே போகாதபடி காப்பு சுற்றுவது அவள் வேலை. எப்படிச் சுற்றினாலும் கொஞ்சம் வாயு ஆவியாகத்தான் செய்யும். ஒவ்வொரு தொட்டியின் ஆவியும் அதன் உயரமான குழாயின் வாயில் சுடராக எரிந்து தீரும். சுடர் எத்தனை சிறிதோ, சுற்றியவருக்கு அத்தனை பெருமை.

புதுத் தொட்டிக்குப் படலம் படலமாக அவளே சுற்றினாள். அதன் சுடர் விரலளவுதான் இருந்தது.

"விரலளவு என்ன சார், அணைஞ்சே போகும் பாருங்க," என்றாள் மேலாளரிடம்.

"அணைஞ்சா மத்த தொட்டியெல்லாம் உங்களுக்குத்தான். என் மீசையையும் எடுத்துடறேன்!"

ஒரே வாரத்தில் சுடர் அணைந்தது. மேலாளர் மழித்த முகத்தோடு வந்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மகளைப் போனில் கூப்பிட்டு இரண்டு தடவை சொன்னாள்.

மறுநாள் தொட்டியில் திரவம் ஒரு சாண் ஏறியிருந்தது.

"லாரி எதுவும் வரலியேம்மா," என்றார் காவலாளி.

அளவுமானியை மாற்றினார்கள். புதியதும் அதையே காட்டியது.

"உங்க கைராசிம்மா..." என்று சிரித்தபடி அண்ணாந்த மேலாளர், இல்லாத மீசையைத் தடவிக்கொண்டு அப்படியே நின்றார். அவளும் அண்ணாந்தாள்.

காற்றே இல்லாத நடுப்பகல். மற்ற தொட்டிகளின் சுடர்கள் எல்லாம் அவளுடைய குழாயின் இருண்ட வாயைப் பார்த்துத் தலைவணங்கியிருந்தன.

அவளும் மரியாதைக்கு லேசாகத் தலையசைத்தாள்.