ஐந்து நாற்பதுக்கு வருகிறவர்

"போதும்க்கா, பழசுக்கு உள்ளத எடுத்துருவோம். உலகமே..."

"எடுக்கறதுக்கில்ல."

"...விட்டாச்சு. பைத்தான் ரெண்ட அத உண்டாக்கினவங்களே கைகழுவி வருசமாச்சு. நாம மட்டும்..."

"ஆள் இருக்குது கண்ணு. ஆள் இருக்கையில எப்படி எடுக்கறது?"

போனில் ஜெபஸ்டின், நாகர்கோவிலிலிருந்து. இந்தப் பக்கம் அவள், கோயமுத்தூர் பீளமேட்டில்.

பழைய எழுத்துருவில் அடித்த தமிழை இன்றைய எழுத்துருவுக்கு மாற்றித் தரும் சின்ன மென்பொருள். வேலையில் இருந்த காலத்தில், பைத்தான் என்ற கணினி மொழியின் இரண்டாம் பதிப்பில் அவள் எழுதியது. இப்போது மூன்றாம் பதிப்பிலும் ஓடும். ஆறு வருடமாக இரண்டு பேரும் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். முகம் பார்த்ததில்லை.

"ஒவ்வொரு திருத்தத்தையும் ரெண்டு வாட்டி எழுதணும். போன ஞாயித்துக்கிழமை பூரா பிள்ளைக்க மொகத்தப் பாக்கல்ல, தெரியுமா?"

"பழசை நான் எழுதிக்கறேன்."

"நீங்க எழுதினா நான் சரிபாக்கணும்லா!"

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. எதற்கும் அந்த ஒரே பதில்தான்.

பழைய பதிப்புக்கானதைத் தினமும் ஒருவர் டவுன்லோடு செய்கிறார். காலை ஐந்து நாற்பதுக்கு. பிசகாமல்.

காபியோடு உட்கார்ந்து எண்ணிக்கையைப் பார்ப்பாள். ஒன்று.

"வந்துட்டாரு" என்பாள். சத்தமாகவே.

அச்சகம் வைத்திருப்பவராக இருக்கும். புது கம்ப்யூட்டர் வாங்கித்தர ஆளில்லாதவர். இங்கே கரண்ட் போன நாட்களில் அவரும் வந்ததில்லை. அப்படியென்றால் கோயமுத்தூர்தான். பீளமேடாகக்கூட இருக்கலாம்.

அடுத்த தெருவாகக்கூட.

"எக்கா." அவன் குரல் இறங்கியிருந்தது. "சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். அந்த ஆளு எங்கேருந்து வாராருன்னு நம்ம சர்வர்ல தேடிப் பாத்தேன்."

"பீளமேடுதான?"

"உங்க வீடுக்கா."

சாப்பாட்டு மேசைக்கு அடியில் பழைய கம்ப்யூட்டர் முனகிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் சத்தம் போலப் பழகிப்போன சத்தம்.

தினமும் விடிகாலையில் பழைய பதிப்பை டவுன்லோடு செய்து, ஒழுங்காக ஓடுகிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும்படி அதில் எழுதிவைத்தது அவள்தான். எட்டு வருடம் முன்னால்.

மறந்தே போனாள்.

"எக்கா? இருக்கியளா?"

குனிந்தாள். கம்ப்யூட்டரின் முதுகில் கை வைத்தாள். சூடாக இருந்தது.

ஒயரைப் பிடுங்கினாள்.

இப்போது ஃப்ரிட்ஜ் மட்டும்.

"நாளன்னிக்கு எடுத்துரு" என்றாள்.

"நாளன்னிக்கு எதுக்கு? இப்பமே எடுத்துரலாமே."

பிடுங்கிய ஒயரைக் கையில் சுருட்டினாள்.

"நாளைக்கு ஒருநா மட்டும், அஞ்சு நாப்பதுக்கு, நீ டவுன்லோடு பண்றயா கண்ணு?"